முற்றம், ஆரஞ்சு மணம்

டிசம்பர் 2, செவ்வாய்

மனோன்மணி அக்கா காலையிலேயே கூப்பிட்டு, வேலை எனக்குத்தான் என்று சொல்லிவிட்டார். அவருடைய 'முற்றம்' தரை கழுவும் திரவத்தில் புதிதாக ஆரஞ்சு மணம் வருகிறது. பாட்டில், லேபிள், அட்டைப்பெட்டி, கடையில் தொங்கவிடும் அட்டை எல்லாமே நான்தான் செய்யவேண்டும். இதுவரை சிங்காநல்லூரைச் சுற்றியுள்ள கடைகளில் மட்டும் விற்றுக்கொண்டிருந்தவர், இந்தப் பொங்கலுக்குப் பொள்ளாச்சி, உடுமலை, பழனி வரை போகிறார். பொங்கலுக்கு வீடு கழுவாதவர் யார் இருக்கிறார்கள்?

விளம்பரக் கம்பெனி வேலையை விட்டுச் சொந்தமாக டிசைன் செய்ய ஆரம்பித்தது அம்மா இறந்த வருடம். அன்றிலிருந்து காதுகுத்து ஃபிளெக்ஸ், பேக்கரி டப்பா, ஜவுளிக்கடை நோட்டீஸ் என்றுதான் ஓடுகிறது. காதுகுத்து ஃபிளெக்ஸில் ஒரு மாமன் தலை இன்னொரு மாமன் தலையைவிடக் கொஞ்சம் பெரிதாகிவிட்டால் அந்தக் குடும்பத்தில் பேச்சுவார்த்தையே நின்றுவிடும். அப்படிப்பட்ட வேலைகளையெல்லாம் சண்டையில்லாமல் முடித்திருக்கிறேன். ஆனால் கடைத் தட்டில் வரிசையாக நின்று, முகம் தெரியாதவர்களின் வீட்டுக்குள் போகப்போகும் ஒரு பொருள் இதுதான் முதல்.

அப்பாவிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டார். மதியம் சாப்பிடும்போது, "ஏஞ் சாமி, புது வேல ஏதாச்சும் வந்துதா?" என்று கேட்டார். காலையில் நான் சொன்னபோது பேப்பரில் மும்முரமாக இருந்திருப்பார்.

டிசம்பர் 5, வெள்ளி

விடிந்ததும் பழ மார்க்கெட்டுக்குப் போனேன். நாக்பூர் ஆரஞ்சு லாரியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. மூட்டை தூக்குபவர் ஒருவர் பழத்தைக் கட்டைவிரலால் பிளந்து, ஒரு சுளையை வாயில் போடுமுன் வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். எதற்காகப் பார்த்தாரோ, பூச்சி இருக்கிறதா என்றிருக்கலாம். சுளைக்குள் வெளிச்சம் புகுந்து, உள்ளே இருந்த ஒவ்வொரு முத்தும் தனித்தனியாக எரிந்தது. எனக்கு அங்கேயே லேபிள் கிடைத்துவிட்டது. பாட்டில் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கவேண்டும். பின்னாலிருந்து வெளிச்சம் வரவேண்டும். நடுவில் ஒரே ஒரு சுளை.

டிசைன் புத்தகங்களைப் பார்த்து எனக்கு ஒருநாளும் ஒன்றும் தோன்றியதில்லை. பேக்கரி டப்பாவின் பழுப்பு நிறம், அடுப்பிலிருந்து வந்த பன்னின் அடிப்பக்கத்திலிருந்து வந்தது. ஜவுளி நோட்டீஸின் சிவப்பு, திருப்பூர்ப் பக்கம் சாயம் தோய்த்துக் காயப்போட்டிருந்த துணியிலிருந்து வந்தது. கண் பார்த்தது நாக்கில் ஊறினால்தான் என் கை நகரும்.

வீட்டுக்கு வரும்போது கதவு திறந்தே கிடந்தது. அப்பா பால் பூத்துக்குப் போயிருந்தார். ஃப்ரிட்ஜில் ஏற்கெனவே இன்றைய பால் இருந்தது.

டிசம்பர் 9, செவ்வாய்

இன்று மனோன்மணி அக்காவிடம் காட்டினேன். கணவர் போன பிறகு வீட்டுக்குப் பின்னால் தகரக்கொட்டகையில் டிரம்மில் கலக்கி ஆரம்பித்த தொழில் இது. இப்போது அந்தத் தெருப் பெண்கள் பாதிப் பேருக்கு அவரிடம்தான் வேலை. எளிதில் யாரையும் பாராட்டமாட்டார். திரையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அப்படியே எடுத்துக் குடிச்சுப்போடலாம்னு இருக்குது, அம்மணி."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

டிசம்பர் 13, சனி

'குடிக்கக் கூடாது, குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும்' என்ற வரியை முன்பக்கம் வைத்துப் பார்த்தேன். சுளையின் ஓரத்தில் போய் இடிக்கிறது. பின்பக்கம் மாற்றிவிட்டேன். எழுத்து சிறியதுதான், ஆனால் படிக்க முடிகிறது.

டிசம்பர் 18, வியாழன்

ஃபைல் சிவகாசிக்குப் போய்விட்டது.

டிசைன் கல்லூரி ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. ஃப்ரீலான்ஸ் டிசைனராக வாழ்வது பற்றியும், கற்பனை எங்கிருந்து வருகிறது என்பது பற்றியும் மாணவர்களிடம் பேசவேண்டுமாம். ஜனவரி எட்டாம் தேதி. காதுகுத்து ஃபிளெக்ஸ் போட்டுக்கொண்டிருந்த என்னை யாரோ மேடைக்குக் கூப்பிடுகிறார்கள். முற்றம் பாட்டிலைத்தான் கடைசிப் படமாகக் காட்டப்போகிறேன்.

ஓசூரிலிருந்து தம்பி இளங்கோ பேசினான். அப்பா போனில் ஒரே விஷயத்தை மூன்று முறை கேட்டாராம். டாக்டரிடம் காட்டு என்கிறான். தூரத்தில் இருப்பவர்களுக்கு யோசனை சொல்வது சுலபம். இந்த வயதில் யார்தான் கேட்டதையே கேட்காமல் இருக்கிறார்கள்? கூட இருந்து பார்த்துக்கொள்கிறவள் நான். எனக்குத் தெரியாதா?

சாம்பாரில் இரண்டு தடவை உப்பு விழுந்திருந்தது. கொட்டிவிட்டுத் தயிர்ச் சாதம் சாப்பிட்டோம்.

டிசம்பர் 24, புதன்

மாதிரி பாட்டில்கள் வந்துவிட்டன. ஒன்றைச் சாப்பாட்டு மேஜையில் ஜன்னலுக்கு எதிரே வைத்திருக்கிறேன். பத்து மணி வெயில் அதற்குள் இறங்கும்போது மேஜைத்துணியில் ஆரஞ்சு நிழல் விழுகிறது. என் வேலையைப் பார்த்து நானே இப்படி நின்றது இதுதான் முதல் தடவை.

டிசம்பர் 27, சனி

அப்பா ஆஸ்பத்திரியில். இன்று எழுத முடியவில்லை.

டிசம்பர் 28, ஞாயிறு

அப்பா கண் திறந்து பேசுகிறார். குரல் கம்மியிருக்கிறது. தொண்டை வெந்திருக்கிறது, நுரை கொஞ்சம் மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கிறது, சளி கட்டாமல் இருக்கிறதா என்று கவனிக்கவேண்டும் என்றார்கள்.

நடந்தது இதுதான். நேற்று முற்பகல் கல்லூரிப் பேச்சுக்காகப் பாட்டிலைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. சரியாகக் கேட்கவில்லை என்று மொட்டைமாடிக்குப் போனேன். இறங்கி வரும்போது அப்பா மேஜையருகே நின்றிருந்தார். மேஜையில் ஒரு டம்ளர் இருந்தது, அதில் ஊற்றியிருக்கிறார். பாதிக்குமேல் காலி. முகத்தைச் சுளித்துக்கொண்டு, "கசக்குதே கண்ணு, பழைய ஜூஸா?" என்று கேட்டார். அடுத்த நிமிடம் இருமல். வாயோரத்தில் நுரை.

பக்கத்து வீட்டு ரெஜினா அக்காவின் மகன் ஆட்டோ எடுத்து வந்தான். வழியெல்லாம் அப்பாவின் தலையை நிமிர்த்திப் பிடித்திருந்தேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே வந்தார்.

பாட்டிலைக் கொண்டுவரச் சொன்னார்கள், கொண்டுபோயிருந்தேன். சின்ன வயது டாக்டரம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்க எழுத்தைப் படிக்கக் கண்ணருகே கொண்டுபோனார்.

"இப்படி ஜூஸ் மாதிரியே பண்ணி வெச்சிருக்காங்களே. யாருங்க இதையெல்லாம் டிசைன் பண்றது?"

தெரியாது என்று சொன்னேன்.

ஜனவரி 1, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். கஞ்சியும் மோரும்தான் ஆகாரம். அப்பாவுக்கு என்ன நடந்தது என்பது அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது. 'மாத்திரை ஒத்துக்கல' என்று ரெஜினா அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை.

மாதிரி பாட்டில்களையெல்லாம் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டேன்.

ஜனவரி 5, திங்கள்

டாக்டரம்மா எழுதிக்கொடுத்த நரம்பு டாக்டரிடம் இன்று போனோம். இளங்கோவின் நச்சரிப்பு தாங்காமல்தான் போனேன்.

அவர் அப்பாவிடம் மூன்று வார்த்தைகளைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார். அறையில் சத்தம் அதிகம், அப்பாவுக்குச் சரியாகக் கேட்டிருக்காது. பிறகு ஒரு தாளைக் கொடுத்து, கடிகாரம் வரைந்து எண்களைப் போடச் சொன்னார். அப்பா வட்டத்தை நன்றாகவே வரைந்தார். எண்கள் எல்லாம் வலதுபக்கமாகவே நெருக்கியடித்துக்கொண்டு போய்விட்டன. இடதுபக்கம் முழுவதும் வெறுமையாக இருந்தது. இடம் விட்டுப் போடத் தெரியவில்லை, அவ்வளவுதான். முதல் வருட மாணவர்கள்கூட லேஅவுட்டில் இந்தத் தவறைச் செய்வார்கள். வட்டம் இன்னும் பெரிதாக இருந்திருந்தால் சரியாக வந்திருக்கும்.

டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்லி, மறதி நோயின் பெயரையும் சொன்னார். நான் மறுத்தேன். என் அப்பா நன்றாகத்தான் இருக்கிறார், அந்த பாட்டிலை யார் பார்த்தாலும் ஜூஸ் என்றுதான் நினைப்பார்கள், பார்வை சரியாக உள்ளவர்களே ஏமாந்துபோவார்கள் என்று சத்தமாகவே சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டு, "இருக்கலாம்மா. அதனாலதான் ரெண்டையும் பாக்கணும்னு சொல்றேன்" என்றார்.

வெளியே வந்ததும் அப்பா, "யாரு கண்ணு அவரு, நல்ல மனுசன்" என்றார்.

ஜனவரி 6, செவ்வாய்

ரெஜினா அக்காவை அப்பாவிடம் உட்காரவைத்துவிட்டு மனோன்மணி அக்காவைப் பார்க்கப் போனேன். எச்சரிக்கை வரியை முன்பக்கம் ஒரு ஸ்டிக்கராக ஒட்டலாமா என்று கேட்பதற்காக.

கொட்டகை முழுக்க ஆரஞ்சு. தரையிலிருந்து ஆள் உயரத்துக்குப் பெட்டிகள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மூடி திருகிக்கொண்டிருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். அக்கா பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பாவுக்கு என்ன கொடுக்கிறாய், என்ன சாப்பிடுகிறார் என்றெல்லாம் விசாரித்தார். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். மறதி நோயாக இருக்கலாம் என்கிறார்கள் என்றேன்.

அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "அப்ப அதுதான் காரணம், அம்மணி. நெனப்பு சரியா இருக்கறவங்க எடுத்துக் குடிப்பாங்களா? நீ மனசப் போட்டு ஒழப்பிக்காத."

ஆமாங்க அக்கா என்றேன். ஸ்டிக்கரைப் பற்றி அப்புறம் பேசவில்லை. கிளம்பும்போது ஒரு தூக்குப்போசியில் பருப்பு ரசம் கொடுத்துவிட்டார். திரும்பி வரும்போது மனசு லேசாக இருந்தது.

ஜனவரி 8, வியாழன்

கல்லூரி.

இருட்டாக்கிய பெரிய அரங்கு. கம்பெனி வேலையை விட்ட கதை, முதல் ஃபிளெக்ஸ், பன்னின் அடிப்பக்கம், சாயத்துணி எல்லாம் சொன்னேன். சிரித்தார்கள், கைதட்டினார்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் முற்றம் பாட்டிலின் படத்தைப் போட்டேன். பெயரைச் சொல்வதற்கு முன்னால், எல்லோரும் செய்வதுபோல, "இது என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டேன்.

"ஜூஸ்" என்றார்கள். ஒருவர் இருவர் இல்லை. அரங்கு முழுக்க ஒரே குரல்.

லேபிளில் 'தரை கழுவும் திரவம்' என்று தமிழில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. படிக்கத் தெரிந்த, இருபது வயதுப் பிள்ளைகள். திரை சுவர் அளவு பெரியது. ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை. எல்லோரும் சுளையைத்தான் பார்த்தார்கள். அதைத்தான் பார்க்கவேண்டும் என்று நான்தான் செய்தேன்.

அது தரை கழுவுவது என்று சொன்னதும் சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த பெண் மட்டும் சிரிக்கவில்லை. கையைத் தூக்கி, "மேம், குடிக்கத் தோணணும்னுதான் இந்தக் கலர் எடுத்தீங்களா?" என்று கேட்டாள். குதர்க்கமாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

ஆமாம் என்றேன். நேரம் முடிந்துவிட்டது என்று யாரோ சொல்லிச் சால்வை போட்டார்கள்.

ஜனவரி 9, வெள்ளி

காலையில் கொட்டகைக்குப் போனேன். அக்கா லாரிக்காரரிடம் போனில் பேசி முடிக்கும்வரை நின்றிருந்தேன்.

"அக்கா, இது வெளிய போகக் கூடாதுங்க."

என்ன சொல்கிறேன் என்று அவருக்கு உடனே புரியவில்லை. கல்லூரியில் நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, உன் அப்பாவுக்கு மறதி என்று நீயேதானே சொன்னாய் என்றார்.

"அப்பாவுக்கு மறதிதானுங்க. இந்த பாட்டிலும் தப்புதானுங்க. ரெண்டும் நெசம். டாக்டர்கிட்டப் போயி பாட்டில் மேல பழியப் போட்டேன், உங்ககிட்ட வந்து அப்பா மேல போட்டேன்."

பெண்கள் மூடி திருகுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அக்கா அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடையில் இருக்கும் மற்றக் கம்பெனிச் சரக்கெல்லாம் கண்ணுக்குத் தெரியவில்லையா, எலுமிச்சம்பழம் போடுகிறார்கள், ரோஜாப்பூ போடுகிறார்கள், அவர்களையெல்லாம் யார் கேட்டது என்றார்.

"அதையெல்லாம் நான் பண்ணலீங்களே அக்கா."

"இதப் பண்ணுனது நீதான? அச்சுக்குப் போறதுக்கு முன்னால சொல்லோணும். இத்தன பேரோட பொங்கல் இதுல இருக்குது, தெரியுமா?"

தெரியும் என்றேன். முழு பாட்டிலையும் மூடுகிற மாதிரி, உள்ளே இருப்பது தெரியாதபடி வேறு லேபிள் இரண்டே நாளில் செய்து தருகிறேன், உள்ளூர் பிரஸ்ஸிலேயே அடிக்கலாம், நானும் உட்கார்ந்து ஒட்டுகிறேன் என்றேன். அவர் கேட்டுக்கொள்ளவில்லை. லாரி போகும், நீ வீட்டுக்குப் போ என்றார்.

"போச்சுதுன்னா, கடை கடையா நானே போயிச் சொல்லுவேனுங்க."

இப்படிப் பேசுவேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சொல்லிக்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஜனவரி 10, சனி

ஒரு லாரி பொள்ளாச்சிப் பக்கம் போய்விட்டதாக, மூடி திருகும் பெண்களில் ஒருத்தி போன் செய்து சொன்னாள். அக்காவுக்குத் தெரியவேண்டாம் என்றாள்.

இளங்கோவைக் கூப்பிட்டேன். நீ சொன்னது சரிதான், அப்பாவுக்குக் கொஞ்ச நாளாகவே சரியில்லை, நான்தான் பார்க்க மறுத்தேன் என்று சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன். பொங்கலுக்கு வருகிறேன் அக்கா என்றான்.

இன்னொன்றும் எழுதவேண்டும். அன்றைக்கு மேஜையில் டம்ளர் தானாக இருக்கவில்லை. பாட்டிலிலிருந்து வரும் வெளிச்சம் கண்ணாடியில் விழுந்தால் படம் அழகாக வரும் என்று, கண்ணாடி டம்ளரைப் பக்கத்தில் வைத்தவள் நான். மூடியையும் நான்தான் கழற்றிவைத்தேன்.

ஜனவரி 11, ஞாயிறு

சாயங்காலம் கதவைத் தட்டும் சத்தம். மனோன்மணி அக்கா. கையில் வாழைப்பழச் சீப்பு. அப்பாவைப் பார்க்க வந்தேன் என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அப்பாவுக்கு இன்று நல்ல நாள். எழுந்து நின்று வணக்கம் சொல்லி உட்காரச் சொன்னார். ஊர், மழை, அவர் வேலை பார்த்த நூல் மில்லை மூடிய கதை எல்லாம் தெளிவாகப் பேசினார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். மறதி என்றாயே, எங்கே என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. பிறகு மெதுவாக, ஏனுங்கய்யா, அன்னிக்கு அத எப்படிக் குடிச்சீங்க, எழுதியிருக்கறதப் பாக்கலீங்களா என்று கேட்டார்.

அதைப்பற்றி யாருமே அப்பாவிடம் கேட்டதில்லை. நான்கூட.

"கலரப் பாத்துத்தானுங்க எடுத்தேன்" என்றார் அப்பா, கம்மிய குரலில். "மில்லுல எல்லாமே கலருதானுங்க. நூல் சுத்தற கோன் இருக்குதுங்களே, அது நுனியில ஒவ்வொரு நம்பர் நூலுக்கும் ஒவ்வொரு கலரு. மெசின் ஓடிட்டே இருக்கும், சீட்டப் படிச்சிட்டா நிப்பாங்க? கலரு சொல்றத நம்பித்தான் கை போகும்."

என் நிறங்கள் எங்கிருந்து வந்தன என்று மேடையில் என்னென்னவோ சொன்னேன். அப்பாவின் மில்லைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கொஞ்ச நேரம் மூவரும் பழம் சாப்பிட்டோம். அப்பா தோலை ஓரமாக வைத்துவிட்டு நிமிர்ந்து, அக்காவைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார்.

"நீங்க யாருன்னு தெரியலீங்களே. எப்ப வந்தீங்க?"

அக்கா எழுந்துகொள்ளவில்லை. "இப்பத்தானுங்கய்யா வந்தேன். உங்க பொண்ணு வாணிகூட வேல செய்யறவ" என்றார்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "அந்த லேபிள் எப்பத் தருவே?"

ஜனவரி 12, திங்கள்

கரும்பச்சை. பழம் இல்லை, சுளை இல்லை, பளபளப்பு இல்லை. ஒரு வாளி, ஒரு துடைப்பான், ஈரத் தரையில் ஒரு கோடு. முன்பக்கத்திலேயே கண்ணில் குத்துகிற மாதிரி, 'குடிக்கக் கூடாது'. பாட்டிலைக் கழுத்துவரை மூடிவிடும். நேற்று ராத்திரியே முடித்துக் கொடுத்தேன், உள்ளூர் பிரஸ்ஸில் மதியத்துக்குள் அடித்துத் தந்துவிட்டார்கள். வந்ததும் ரெஜினா அக்காவிடம் தூரத்திலிருந்து காட்டி, இது என்ன என்று கேட்டேன். "பாத்ரூம் கழுவறதா?" என்றார். அவரைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.

இவ்வளவு அழகில்லாத ஒன்றை நான் செய்ததே இல்லை. இதை முடிக்கச் சுளையை வரைந்ததைவிட அதிகம் யோசிக்கவேண்டியிருந்தது.

கொட்டகையில் இருப்பதில் லேபிள் ஒட்ட ஆரம்பித்துவிட்டார்கள். லாரியில் போனதைத் திரும்ப எடுக்கவேண்டும். அக்கா ஒவ்வொரு கடைக்காரருக்கும் போன் செய்தார். குரலை உயர்த்தவில்லை, காரணத்தை மறைக்கவும் இல்லை. பெரும்பாலும் பெட்டி பிரிக்கவில்லை என்றார்கள். நெகமத்தில் ஒரு கடையில் மட்டும், தொங்கவிடும் அட்டை அழகாக இருந்ததால் முன்னால் அடுக்கி, சிலதை விற்றும்விட்டார்களாம்.

ஜனவரி 14, புதன், போகி

காலையில் அக்காவின் வேனில் கிளம்பினோம். அப்பாவையும் கூட்டிப்போனேன். அவரை வீட்டில் தனியே விட முடியாது. இனிமேல் முடியாது. முன்சீட்டில் ஜன்னலோரமாக உட்காரவைத்தேன். வழியெங்கும் பழைய பாயையும் துணியையும் எரித்த புகை.

நெகமம் கடைக்காரர் சிடுசிடுத்தார். பண்டிகை நேரத்தில் இது என்ன தொல்லை என்றார். ஆனால் ஊர் சின்னது, யார் யார் வாங்கினார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு வீடாகப் போனோம். ஒரு வீட்டில் பாட்டில் குளியலறையில் இருந்தது. இன்னொரு வீட்டில் ஏற்கெனவே திண்ணையெல்லாம் கழுவியாகிவிட்டது, வாசம் நல்லாருக்குதுங்க, எதுக்குத் திருப்பி வாங்கறீங்க என்று கேட்டார்கள். அப்படியே எல்லா வீட்டிலும் இருந்திருந்தால், நான் ஒரு பைத்தியம் என்று அக்கா நினைத்திருப்பார். நானும் நினைத்திருப்பேன்.

கடைசி வீடு கோயிலுக்குப் பின்னால். வாசலில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பெண் வெளியே வந்தாள். இரண்டு குழந்தைகள் அவளைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தன. முற்றம் பாட்டிலைக் கேட்டோம். அவளுக்குப் பெயர் புரியவில்லை. ஆரஞ்சு பாட்டில் என்று அக்கா சொன்னார்.

"அதுங்களா? வீட்டுக்காரரு வாங்கிட்டு வந்தாரு. நாளைக்கி எங்க நாத்தனா குடும்பம் வருதுங்க, அவங்களுக்குன்னு வெச்சிருக்கேன்."

உள்ளே போனாள். ஃப்ரிட்ஜைத் திறக்கும் சத்தம் கேட்டது.

பாட்டில் முழுக்க வேர்த்திருந்தது. மூடியைத் திறக்கவில்லை. பெரிய பிள்ளை அதை அம்மா கையிலிருந்து வாங்கப் பார்த்தது. அக்கா முந்திக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கி, முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். இது குடிக்கிறதில்லைம்மா, தரை கழுவறது என்று சொன்னபோது அந்தப் பெண் சிரித்தாள். பிறகு குழந்தைகளைப் பார்த்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

இதைச் செய்தவள் நான்தான் என்று அவளிடம் சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, குழந்தைகள் இரண்டையும் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

வேனில் ஏறியதும் அக்கா பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டார். சில்லிப்பு புடவையில் ஊறிப் பரவுவது தெரிந்தும் கீழே வைக்கவில்லை. அவருடைய தோள் என் தோளில் சாய்ந்திருந்தது.

அப்பா முன்சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

"என்ன கண்ணு அது, ஜூஸா?"

"இல்லீங்கப்பா. தரை கழுவறது."

சரி என்று திரும்பிக்கொண்டார். ஊர் எல்லை தாண்டியதும் மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன்.